நாற்பத்தைந்து அடி

1972 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஞாயிறு என்பதால் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வர நேரம் இருந்தது; முந்தின நாள் பிடித்து வைத்ததில் குளித்தேன். அரை டம்ளர் காபி. சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்தேன். பையில் எடுத்து வைத்தவை: ஐம்பதடி டேப், நோட்டு, பென்சில் இரண்டு, தண்ணீர், இட்லி நான்கு. ஐந்து இருபதுக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மேஸ்திரி ஒரு தடவைதான் அடிப்பார். கேட்காவிட்டால் நின்றுகொண்டிருப்பார், இரண்டாவது தடவை அடிக்க மாட்டார்.

அவர் எங்கள் கம்பெனியின் சூளை மேஸ்திரி. ஊறுகாய் ஜாடியும் மின்கம்பத்துக்கான இன்சுலேட்டரும் கொஞ்சம் பொம்மைகளும் செய்த கம்பெனி அது. நான் அச்சுப் பிரிவில் ரைட்டர். வார்க்கப்போகும் ஒவ்வொரு பொருளின் அளவும் என் பதிவேட்டில் இருக்கும். எனக்கு அப்போது முப்பத்தொன்று, அவருக்கு முப்பத்துநாலு. விருத்தாசலத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை.

சூளையில் அவருடைய வேலை பெரும்பாலும் பார்ப்பதுதான். சுவரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துளை இருக்கும். அதன் வழியே உள்ளே வைத்திருக்கும் சிறு மண்கூம்புகள் எந்த அளவுக்கு வளைந்திருக்கின்றன என்று பார்த்துச் சூடு சொல்வார். மற்ற மேஸ்திரிகள் துளைக்கு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்புவார்கள். இவர் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். ஒரு முறை அவசர ஆர்டர். அடுப்பு அணைந்து மூன்று நாள் ஆறவேண்டிய சூளையை இரண்டாம் நாளே திறக்கச் சொன்னார் மேனேஜர்.

"தொறங்க சார். நான் அந்தப் பக்கம் போயி நிக்கிறேன்" என்றார் மேஸ்திரி.

"ஏன்யா, வெடிச்சிடுமா?"

"வெடிக்குமான்னு எனக்குத் தெரியாது சார். அது இன்னும் ஆறலன்னு மட்டும் தெரியும்."

மேனேஜர் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுநாள்தான் திறந்தார்கள். மேஸ்திரி இதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

சூளை கட்ட வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கேமராவை அவரிடம் விட்டுப் போனார். லென்ஸ் கழற்றி மாட்டும் வகை. ஆனால் கூட இருந்தது சாதாரண லென்ஸ் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு நாங்கள் வெலிங்டன் ஏரிக்குப் போய் நத்தைகொத்தி நாரைகளைப் படமெடுத்தோம். கழுவிப் பார்த்தபோது தண்ணீரும் வானமும் அருமையாக வந்திருந்தன. நாரை எது, பிலிமில் விழுந்த தூசி எது என்று பிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரு நல்ல தூர லென்ஸ் வாங்கவேண்டும் என்பது எண்ணமாயிற்று. வேறு யாராக இருந்தாலும் உடனே கடைக்குப் போயிருப்பார்கள். அவர் ஆற்றுக்குப் போனார்.

அவருடைய வழி இது. முதலில் பறவை. அந்தப் பறவை எத்தனை அடியில் தலையைத் தூக்குகிறது, எத்தனை அடியில் செய்கிற வேலையை நிறுத்துகிறது, எத்தனை அடியில் பறக்கிறது என்று மூன்று அளவு எடுப்பார். தலையைத் தூக்குவதற்கு முந்தைய இடம்தான் நிற்கவேண்டிய இடம். அதற்குப் பிறகுதான் லென்ஸ். நல்லூர்ப் பக்கத்து ரைஸ்மில் முதலாளி ஒருவர், மலேயாவிலிருந்த மைத்துனர் அனுப்பிய கேமராவோடு இவரைத் தேடி வந்தார்.

"மேஸ்திரி, பறவைக்கு எந்த லென்ஸ் நல்ல லென்ஸ்?"

"எந்தப் பறவைங்க?"

"எதா இருந்தா என்னய்யா. கொக்குன்னு வச்சிக்க."

"ஒங்க வயல்ல ஏர் ஓட்டும்போது வர்ற கொக்கா, ஏரியில முட்ட வச்சிருக்கற கொக்கா?"

"கொக்குல என்னய்யா ரெண்டு?"

"ஏர் ஓட்டற கொக்குக்கு லென்ஸே வேணாங்க, கையால புடிச்சிடலாம். முட்ட வச்சிருக்கறது ஒங்கள எத்தினி அடியில விடுதுன்னு பாத்துட்டு வாங்க. சொல்றேன்."

முதலாளி வரவில்லை. டீக்கடையில், "அந்த ஆளு லென்ஸப் பத்திக் கேட்டா கொக்கப் போயிக் கேளுங்கறான்" என்று சொல்லிச் சிரித்தாராம். மேஸ்திரியிடம் சொன்னேன். "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றார்.

இந்தத் தூரம் பறவைகளோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் டம்ளரோடு எழுந்து நிற்பார். ஆறு வருடம் பழகியும் என் தோளில் அவர் கை பட்டதில்லை. அவர் வீட்டில் ஒரு நாள் மோர் கொடுத்துக்கொண்டே அவருடைய மனைவி சொன்னார்: "என்னயும் அளந்து வச்சித்தான் பாக்குறாருண்ணே. நான் தலையத் தூக்குனா அவரு பின்னால போயிடுவாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மேஸ்திரியும் சிரித்தார். நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம். மணிமுத்தாற்றில் ஊருக்குக் கிழக்கே இரண்டு மைலில் ஆள் உயர மண்கரை ஒன்று உண்டு. அதில் வளை தோண்டி ஒரு ஜோடி கறுப்பு வெள்ளை மீன்கொத்தி வருடந்தோறும் குஞ்சு பொரித்தது. ஆணுக்கு மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. பெண்ணுக்கு ஒன்று, அதுவும் நடுவில் அறுந்தது. இரண்டுமே மீன் கொண்டுவந்து ஊட்டுகின்றன என்பதைப் பட்டை தெளிவாகத் தெரியும்படி படத்தில் காட்டவேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: அதனால் ஒரு மீன்கூடக் குஞ்சுக்குப் போகாமல் நிற்கக் கூடாது. "ஒரு படத்துக்காவ அதுங்க ஒரு வேள பட்டினி கெடந்தா அது படமில்ல ரைட்டரே" என்பார்.

1971 மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஞாயிறு தவறாமல் போனோம். கோணிச்சாக்கும் பனையோலையும் வைத்து ஒரு ஆள் உட்காரும் மறைப்பு கட்டினார். முதலில் நூறடியில். வாரத்துக்குப் பத்தடி, பிறகு ஐந்தடி என்று நகர்த்தினார். நான் டேப் பிடித்தேன். ஆற்றுமணலில் வெள்ளரி போட்டிருந்த ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார்.

"ஏன்யா, அந்த மீன்குத்திக்குப் பட்டாவா போட்டுக் குடுக்கப் போறீங்க? வாரா வாரம் அளக்கறீங்க."

"அது எங்களுக்குப் போட்டுக் குடுக்குது ஆயா" என்றார் மேஸ்திரி.

நாற்பத்தைந்து அடியில் மீன்கொத்தி வழக்கம்போல் வந்து போனது. நாற்பதில், கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வேரில் உட்கார்ந்து தலையை உயர்த்தியது. அவர் உடனே மறைப்பைப் பின்னால் இழுத்து, நாற்பத்தைந்தில் நான்கு முளை அடித்தார். லென்ஸுக்கான அளவு அப்படித்தான் கிடைத்தது.

மீதி அளவு பறவையுடையது. பிலிமின் குறுக்கில் பறவை மூன்றில் ஒரு பங்காவது வரவேண்டும். அதற்குக் குறைந்தால் பெரிதாக்கும்போது இறகெல்லாம் மணல்மணலாகச் சிதறிவிடும் என்பது அவர் கண்டுபிடித்து வைத்திருந்த கணக்கு. நவம்பரில் மீன்வலையில் சிக்கிச் செத்த மீன்கொத்தி ஒன்று எனக்குக் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு தாளில் கிடத்திச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்து நோட்டில் எழுதினேன்: பதின்மூன்றே முக்கால் அங்குலம். அவரிடமும் அதைத்தான் சொன்னேன்.

அந்த அளவுக்கு அவர் மண்ணில் ஒரு மீன்கொத்தி செய்தார். சுட்டால் மண் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். எங்கள் ஊரில் பீங்கான் வேலை பார்க்கும் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் சுருக்கத்தைக் கூட்டிப் பதினைந்தே முக்கால் அங்குலத்துக்குச் செய்து, ஜாடிகளுக்கு நடுவே ஓரமாக வைத்துச் சுட்டெடுத்தார். வெந்து வந்ததும் நான் அளந்து பார்த்தேன். பதின்மூன்றே முக்கால், இம்மி பிசகவில்லை. சரிபார்த்ததாக நோட்டில் கையெழுத்துப் போட்டேன். அவர் அதற்கு மார்புப் பட்டையெல்லாம் கறுப்பு மையால் தீட்டினார்.

பொங்கல் விடுமுறையில் அந்தப் பொம்மையை வைக்கோலில் சுற்றி, துணிப்பையில் போட்டு, மெட்ராஸுக்கு ரயிலேறினோம். பழைய கேமரா சாமான் விற்கும் கடை. அவருடைய கேமராவுக்குப் பொருந்தும் தூர லென்ஸ் இரண்டுதான் இருந்தன. ஒன்று முந்நூறு மில்லிமீட்டர். எடை குறைவு, வெளிச்சம் நன்றாக வாங்கும். மற்றது நானூறு, பறவையைப் பெரிதாகக் காட்டும், ஆனால் உள்ளே பார்த்தால் மாலை நேரம்போல இருட்டு. அதிகாலை வெளிச்சத்தில் சிறகடிக்கும் பறவைக்கு அதைப் பயன்படுத்தினால் படம் கலங்கும். கடைத் தாழ்வாரத்தில் நான் நாற்பத்தைந்து அடி அளந்து, ஒரு ஸ்டூல்மேல் பொம்மையை வைத்தேன். கடைக்காரர் கணக்கெழுதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பொம்மைய போட்டோ எடுக்கவா விருத்தாசலத்துலருந்து வந்தீங்க?"

"ஆமாங்க. இது பறக்காது பாருங்க, அதான்."

ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். பெரிய லென்ஸில் பறவை தாராளமாக இருந்தது, ஆனால் இருட்டு. சிறியதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. "இது போதும். வேண்டிய அளவு கெடைக்குது, வெளிச்சமும் கெடைக்குது" என்று முந்நூறை எடுத்துக்கொண்டார். நான்கு வருடம் சேர்த்தது அதில் போயிற்று. திரும்பும்போது ரயிலில் லென்ஸை மடியில் வைத்திருந்தார், பொம்மையை நான் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் செய்த ஏற்பாடுகளை எழுதினால் பக்கம் நிறையும். பால்பவுடர் டப்பாவின் உட்புறத்தைக் கரியால் கறுப்பாக்கி லென்ஸின் முன்னால் வெயில் தட்டி. தச்சரிடம் சொல்லிச் செய்த வேலமர முக்காலி, அதன் நடுவில் தொங்கவிட ஆற்றுமணல் பை. லென்ஸ் பெட்டியில் ஈரம் வாங்குவதற்கு மெருகிடாத பீங்கான் சில்லுகள். வாரம் ஒரு முறை சூளையருகில் காயவைத்து மறுபடி போடுவார். அவை எவ்வளவு ஈரம் வாங்கினவோ, லென்ஸில் பூஞ்சை பிடிக்கவில்லை. அந்த லென்ஸால் பின்னாளில் நல்ல படங்கள் எடுத்தார். பெரிதாக்கிச் சட்டம் போட்டவை பதினொன்று. மீன்கொத்தி அதில் இல்லை.

மார்ச் 5ஆம் தேதி ஞாயிறு முதல்முறையாக அந்த லென்ஸோடு மறைப்புக்குள் உட்கார்ந்தார். பறவைகள் அதே கரையில், அதே தூரத்துக்குச் சம்மதித்திருந்தன. குஞ்சு பொரித்து நாலைந்து நாள் ஆகியிருக்கும்; காற்று எங்கள் பக்கம் வீசும்போது மண்ணுக்குள்ளிருந்து கிறுகிறுவென்ற சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"மூணுல ஒரு பங்கு வரல."

நான் டேப் பிடித்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து அடி சரியாக இருந்தது. அவர் மறுபடி உள்ளே போய்ப் பார்த்தார். "மெட்ராஸ்ல இருந்த அளவு இல்ல. பட்ட தெரியல" என்றார். அன்று ஒரு படமும் எடுக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் நான் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை சூளையடியில் சொன்னேன். வியாழக்கிழமை டீக்கடையில் சொன்னேன். "அஞ்சே அடி மேஸ்திரி. நாப்பதுல தலையத்தான் தூக்குச்சி, பறக்கலையே. வெடியறதுக்கு முன்னாடி மாத்திட்டா அதுக்கு எப்படித் தெரியும்?" சனிக்கிழமை மாலை மூன்றாவது தடவையாகச் சொன்னேன். "சரி, காலையில பாப்போம்" என்றார் அவர்.

ஆக, 12ஆம் தேதி. ஐந்தே முக்காலுக்கு ஆற்றை அடைந்தோம். மங்கலிலேயே மறைப்பை ஐந்தடி முன்னால் நகர்த்தினோம். இருவரும் உள்ளே நெருக்கி உட்கார்ந்தோம். குஞ்சுகளின் சத்தம் போன வாரத்தைவிட உரக்கக் கேட்டது. ஆறு நாற்பத்தொன்றுக்குப் பெண் பறவை மீனோடு வந்தது. வளைக்கு நேரே வந்து, காற்றில் சிறகடித்தபடி நின்று, திரும்பிப் போனது. இரண்டு நிமிடத்தில் மறுபடி வந்தது. மறுபடி திரும்பியது. மூன்றாவது முறை, அந்த வேரில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தது. அவர் கேமராவில் கண்ணை வைத்தார். பிறகு விலகி, என்னையும் பார்க்கச் சொன்னார். மார்பின் பட்டையும் அது நடுவில் அறுந்திருப்பதும் தெரிந்தன. அலகில் மீன் மின்னியது.

"எடுங்க மேஸ்திரி" என்று காதோடு சொன்னேன்.

அவர் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"மீனோட தல எந்தப் பக்கம் இருக்குது பாருங்க."

"வெளிப்பக்கம்."

"தான் தின்றதுன்னா தல உள்பக்கம் இருக்கும். இது குஞ்சுக்குக் குடுக்கப் புடிச்ச மீனு. குடுக்க முடியாம ஒக்காந்துக்கிட்டிருக்குது. இதப் படம் புடிக்கச் சொல்றீங்களா?"

பதினொரு நிமிடம் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. பிறகு தலையை ஒரு வெட்டு வெட்டி மீனைத் திருப்பி, தானே விழுங்கிவிட்டு, ஆற்றோடு கீழே பறந்து போனது. ஏழு மணிக்கு ஆண் பறவை வந்தது. அது உட்காரக்கூட இல்லை. அது கண்ணுக்கு மறைந்ததும் மேஸ்திரி எழுந்தார். பத்து நிமிடத்தில் சாக்கு, ஓலை, முக்காலி எல்லாவற்றையும் பிரித்துச் சைக்கிளில் கட்டிவிட்டோம். வெள்ளரிக்கார அம்மா கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னிக்கி என்னா சீக்கிரம்? மீன்குத்தி பட்டாவ வாங்கிக்கிச்சா?"

மேஸ்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கரையில் ஏறிய பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். அன்றைய நேரங்களை எழுதிவிட்டு, ஏன் அளவு வரவில்லை என்று பார்ப்பதற்காக நவம்பர்ப் பக்கத்தைத் திருப்பினேன். பறவையைச் சுற்றிக் கோடு போட்ட தாள் அங்கே மடித்தபடி இருந்தது. ஸ்கேலை வைத்தேன். பன்னிரண்டு அங்குலம். மறுபடி வைத்தேன். பன்னிரண்டுதான்.

எங்கள் அச்சுப் பதிவேட்டில் எந்தப் பொருளுக்கும் சுட்ட அளவை எழுதுவதில்லை. சுருக்கத்தைக் கூட்டிய பச்சைமண் அளவைத்தான் எழுதுவோம். ஏழு வருடமாக அதையே எழுதிப் பழகிய கை, செத்த பறவைக்கும் சுருக்கத்தைக் கூட்டிப் பதின்மூன்றே முக்கால் என்று எழுதிவிட்டது. அதை உண்மையான அளவென்று நம்பி மேஸ்திரி இரண்டாம் தடவை கூட்டினார். மெட்ராஸில் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தது எந்த ஆற்றிலும் இல்லாத ஒரு பெரிய மீன்கொத்தி. அதைப் பார்த்துத்தான் சிறிய லென்ஸை எடுத்தார். சரிபார்த்தவனும் நான்தான்.

சாப்பிடாமல் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, "வாங்கண்ணே. வந்ததுலருந்து ஒண்ணும் பேசல, கேமராவயும் பெட்டியில வச்சிப் பூட்டிட்டாரு. நீங்களாவது கேளுங்க" என்றார். மேஸ்திரி பின்கட்டில் சாக்குகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாளைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, தன் சாணால் அளந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பு என்னோடதுங்க மேஸ்திரி. லென்ஸும் என்னாலதான் மாறிப்போச்சி."

"அளவு ஒங்களோடது ரைட்டரே. அஞ்சடி என்னோடது."

"நான்தான மூணு தடவ சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. அது நாப்பதுல தல தூக்குச்சின்னு எனக்குத் தெரியும் இல்ல?"

சாக்கின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. நாலரைக்கே எழுந்துவிட்டேன். முகம் கழுவி, காபிகூடக் குடிக்காமல் ஆற்றுக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார், வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையில். கேமரா கொண்டுவரவில்லை. நாங்கள் வழக்கமாக நிற்கும் பக்கம் இல்லாமல், முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்து அக்கரையில் ஒரு கருவேலம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். இருநூறு அடிக்கு மேல் இருக்கும். டேப் எடுத்துப் போகவில்லை.

வெளிச்சம் வந்தது. ஆறு இருபதுக்கு ஒரு மீன்கொத்தி மேற்கிலிருந்து தாழப் பறந்து வந்தது. அவ்வளவு தூரத்தில் பட்டை ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை. வேரில் உட்கார்ந்தது. சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு நேராக வளைக்குள் போனது.

நான் மூச்சு விட்டேன். அது வெளியே வந்து பறந்து போனதும் எழுந்தேன். ஐந்தாறு குஞ்சாவது இருந்திருக்கும், ஒரு காலைப் பட்டினியை எத்தனை தாங்கினவோ. வளைவாயில் காது வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போவாதீங்க."

"எத்தினி இருக்குதுன்னு தெரிஞ்சிக்க வேணாமா?"

"தெரிஞ்சி அதுங்களுக்கு என்ன ஆவப்போவுது?"

இன்னும் ஒரு முறை பறவை வந்து உள்ளே போகும்வரை அங்கேயே இருந்தோம். அதுவரை அவர் கையை எடுக்கவில்லை. பிறகு அக்கரை வழியாகவே சுற்றிக்கொண்டு, வளைப் பக்கம் நின்ற சைக்கிள்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, இருவரும் நடந்தே வேலைக்குப் போனோம்.